சப்போரோவுக்கு இரண்டு டிக்கெட்

சிரம்பான் வட்டாரத்தில் பனியைப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால், பாதிப் பேர் மரியகொரெட்டியின் பெயரைச் சொல்வார்கள். ஆறுமுகத்தின் பயண அலுவலகத்தில் முன்மேசைக்காரி அவள். இருபது வருடத்துக்கும் மேலாக அதே நாற்காலியில் உட்கார்ந்து, புதுமணத் தம்பதிகளையும் ஓய்வு பெற்ற வாத்தியார்களையும் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் வழியனுப்பிக்கொண்டிருந்தாள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பனியில் இறங்காதீர்கள், நனைந்தால் காயாது என்பாள். உதடு வெடிக்கும், தடவிக்கொள்ள ஏதாவது எடுத்துப் போங்கள் என்பாள். நெத்திலி சம்பலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெட்டிக்குள் போடுங்கள் என்பாள். போய்வந்தவர்கள் கைபேசியில் படம் காட்டுவார்கள். நீங்கள் எப்போது போனீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், கொரெட்டி பேச்சை மாற்றிவிடுவாள்.

அவள் எங்கும் போனதில்லை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்பவைத்துவிட்டது. தொடையிலிருந்து சப்பாத்து வரை இரும்புப் பட்டை, முட்டியில் ஒரு பூட்டு, கையில் ஓர் ஊன்றுகோல். உட்காரும்போது பூட்டைத் தட்டிவிடுவாள், எழும்போது மாட்டுவாள். அந்தக் காலை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள், வேலை தேடினாள், பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த மோட்டார் சைக்கிளை ஓட்டப் பழகினாள். செண்டாயானுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பழைய லயத்து வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியது. ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை வைத்தார்கள், பிறகு செம்பனையிலும் பாதியை அழித்து வீடமைப்பாக்கிவிட்டார்கள். லயம் மட்டும் இன்னும் நின்றது. அங்கிருந்து தினமும் மோட்டாரில் சிரம்பானுக்கு வந்து போவாள். ஐம்பதைத் தாண்டியும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அவள் அந்தச் சாலையில் போவதை லாரிக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள்.

அந்த வருடக் கடைசியில் சப்போரோவுக்கு ஒரு குழு சேர்ந்தது. ஜப்பானின் வடக்குக் கோடியில் இருக்கிற நகரம். விமானம், விடுதி, பேருந்து, சைவச் சாப்பாடு எல்லாவற்றையும் கொரெட்டிதான் ஏற்பாடு செய்தாள். குழுவை அழைத்துப் போக அலுவலகத்திலிருந்து ஒருவர் வேண்டும். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ரோகினி போகட்டும் என்று ஆறுமுகம் அறிவித்தார். ரோகினி சந்தோஷத்தில் கொரெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சட்டை எடுத்துப் போவது என்று கேட்டாள். கொரெட்டி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு எழுந்து முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

இத்தனை வருடத்தில் தன்னை ஒரு தடவைகூட அனுப்பாதது ஏன் என்று நேராகவே கேட்டாள். ஆறுமுகம் கெட்டவர் இல்லை. சங்கடப்பட்டார்.

“நான் தப்பா சொல்லல, கொரெட்டி. நல்ல கால் உள்ளவனே அங்க வழுக்கி விழறான். நீ விழுந்தா குரூப்பே நிக்கணும்லா. கஸ்டமர் முகம் சுளிப்பாங்க.”

“அப்ப குரூப் வேணாம், பாஸ். நான் தனியா போறேன்.”

அவர் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தன் இடத்துக்கு வந்து, பொட்டலத்தில் வாங்கி வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு, கணினியில் ஜனவரி மாத விமானங்களைத் திறந்தாள். மாநில மன்னரின் பிறந்தநாள் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை விழுவதால் திங்களும் விடுமுறை. வெள்ளி ஒருநாள் லீவு எடுத்தால் போதும், ஒரு வார இறுதி நீண்டுவிடும். அன்று சாயங்காலமே லீவுத்தாளை நீட்டினாள். எதற்கு என்று ஆறுமுகம் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

துணைக்கு யார் என்ற யோசனையே அவளுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை தானாக வந்து ஒட்டிக்கொண்டாள். பால் மரம் சீவிய கை, அறுபதைத் தாண்டியவள், புருஷன் போய் வெகுநாளாகிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போவதற்காக ஆசைப்பட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாள். வீடு சின்னது, இப்போது வேண்டாம் அம்மா என்று அவன் சொல்லிவிட்டான். ஒரு முத்திரைகூட விழாத அந்தப் பாஸ்போர்ட் அவளுடைய தலையணைக்கு அடியில் கிடந்தது. கொரெட்டி விஷயத்தைச் சொன்னபோது பஞ்சாலை குழம்புச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, அந்த ஊரில் சோறு கிடைக்குமா என்று ஒன்றுதான் கேட்டாள். கிடைக்கும் என்றதும், “அப்ப எனக்கும் சேர்த்துப் போடு” என்றாள்.

அதிலிருந்து மாலை நேரமெல்லாம் கொரெட்டியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் கழிந்தது. மற்றவர்களுக்குப் பயணம் போட்டுக்கொடுப்பது வேறு, தனக்குப் போட்டுக்கொள்வது வேறு என்று கொரெட்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. குழுவுக்கென்றால் ஒரே நாளில் மலை, ஏரி, மிருகக்காட்சிசாலை, மீன் சந்தை என்று அடைத்துவிடுவாள். தனக்கு அப்படி வேண்டாம். ஒரே நகரம், இரண்டே இரவு, எங்கே நின்றாலும் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. விடுதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், குளியலறை வாசலில் படி இருக்கக் கூடாது. விடுதிக்காரர்களுக்கு எழுதிப் படம் அனுப்பச் சொன்னாள். முதலில் வந்த இரண்டு விடுதிகளை வேண்டாம் என்று தள்ளினாள். மூன்றாவது விடுதிக்காரப் பெண் குளியலறையில் தானே உட்கார்ந்து, கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று படமெடுத்து அனுப்பியிருந்தாள். அதை எடுத்துக்கொண்டாள்.

பிறகு கைபேசியில் அந்த ஊர்த் தெருக்களைத் திறந்துவைத்து, விரலால் தள்ளித் தள்ளி நடந்தாள். எந்த முனையில் லிஃப்ட், எந்தச் சாலையில் ஏற்றம், குளிருக்குப் பயந்து சனங்கள் பூமிக்கு அடியில் நடக்கிற நீளப் பாதை எங்கே ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் மனப்பாடமாயிற்று. பஞ்சாலை பக்கத்தில் உட்கார்ந்து கடைப் பலகைகளின் படத்தைப் பார்த்து, இது சாப்பாட்டுக் கடையா, முடிவெட்டுகிற கடையா என்று ஊகித்துக்கொண்டிருப்பாள்.

கோட்டு வாங்கச் சிரம்பானில் பழந்துணி விற்கும் பண்டல் கடைக்குப் போனார்கள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் பஞ்சாலை முழங்கால் வரை தொங்குகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேரே நின்றாள். வேர்வை கழுத்தில் வழிந்தது. உள்பக்கத் துணித்துண்டில் ஜப்பான் எழுத்து இருப்பதைக் கொரெட்டி காட்டினாள். இது அங்கே பிறந்த கோட்டு, நாம்தான் ஊருக்குக் கூட்டிப் போகிறோம் என்றாள். பஞ்சாலை அதைக் கழற்றவே மாட்டேன் என்று கல்லா வரைக்கும் போட்டுக்கொண்டே நடந்தாள்.

சப்பாத்துதான் பெரிய வேலை. கொரெட்டியின் இரும்புப் பட்டை ஒரே ஒரு சோடியில்தான் பொருந்தும். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து சப்பாத்து தைக்கிற சீனக் கிழவர் அவளுக்குப் பல வருடப் பழக்கம். பனியில் வழுக்காமல் இருக்க அடியில் முள் வேண்டும், உள்ளே தரையில் நடக்கும்போது கழற்றவும் வேண்டும் என்று மலாய் மொழியில் விளக்கினாள். அவர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று தடவை அலையவைத்தார். கடைசியில் ரப்பர் வாரில் சின்னச் சின்ன இரும்புக் குமிழ் பதித்து, இழுத்து மாட்டுகிற மாதிரி செய்து கொடுத்தார். ஊன்றுகோலின் அடிக்கும் ஒன்று செய்திருந்தார், அதை அவள் கேட்கவேயில்லை.

அவளுடைய தம்பி அந்தோனிக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. அந்தோனி லாரிக் கம்பெனியில் மேற்பார்வையாளன். மனைவி மிஷெல், மகள் டான்யாவோடு தாமான் என்கிற வீடமைப்புக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தான். செண்டாயானில் சொந்தமாக இரண்டு மாடி வீடு வாங்கியிருந்தான், சாவி கைக்கு வந்துவிட்டது. லயத்தைக் காலி பண்ணச் சொல்லித் தோட்ட நிர்வாகம் தகவல் கொடுத்திருந்ததால், அக்காள் இனி தன்னோடுதான் என்று அவனே முடிவு செய்திருந்தான். கீழே சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, அது அக்காளுக்கு. அவளை யாரும் கேட்கவில்லை. குடும்பமாகக் கேமரனுக்கோ லங்காவிக்கோ போகும்போதெல்லாம் நாயையும் வீட்டையும் அவள் பார்த்துக்கொள்வது வழக்கம். அதையும் யாரும் கேட்டதில்லை.

பயணத் தேதியை அவனிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். அப்போது அவன் உம்மென்று இருந்தான். கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மிஷெலோடு லயத்துக்கு வந்தான். புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் தேதி கொடுத்துவிட்டார் என்றான். ஜனவரியில் அந்த நீண்ட விடுமுறை, சனிக்கிழமை காலை. சமையலுக்கு அக்காதான் முன்னால் நிற்க வேண்டும் என்று மிஷெல் சேர்த்துக்கொண்டாள்.

கொரெட்டி காபி கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தத் தேதியில நான் இங்க இருக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்.”

“அதான் மாத்திக்கச் சொல்றேன். ஃபாதருக்கு வேற நாள் இல்ல.”

“ஃபாதர்கிட்ட நீ எந்த நாள் கேட்ட?”

அவன் கார்ச் சாவியை மேசைமேல் சுழற்றினான். மிஷெல் தரையைப் பார்த்தாள். அந்த நாளை அவனேதான் கேட்டு வாங்கினான் என்று அதிலேயே கொரெட்டிக்கு விளங்கிவிட்டது. கோபம் வந்தது, ஆனாலும் குரல் உயரவில்லை. காபியை அவன் முன்னால் வைத்தாள்.

“விழுந்தா யாரு அக்கா தூக்குவாங்க அங்க?” என்று அந்தோனி கேட்டான். “ஊரு என்ன பேசும்? காலு சரியில்லாத அக்காவ பனிக்கு அனுப்பிட்டு தம்பிக்காரன் வீட்டுல விருந்து போடறான்னு பேசாதா?”

“நீ அனுப்பல, தம்பி. நான் போறேன். அத ஊருக்குச் சொல்லு.”

“மந்திரிப்புக்கு இல்லைன்னா, அப்புறம் அந்த வீட்டுக்கு வர வேணாம்.”

“சரி” என்றாள் கொரெட்டி.

அவ்வளவு சீக்கிரமாக அந்தச் சொல் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. காபியைக் குடிக்காமலே எழுந்து போனான். கார் கிளம்பிப் போன பிறகு கொரெட்டி அந்தக் காபியைத் தானே குடித்தாள். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவன் அவன். அந்த நினைப்பு இப்போது ஏன் வருகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் தள்ளினான் என்பதற்காக ஆயுசு முழுக்க அவன் தள்ளுகிற பக்கமே போக முடியாது.

அந்தோனி அதோடு விடவில்லை. ஆறுமுகத்துக்குப் போன் போட்டான். புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் ஆறுமுகம் அவளைக் கூப்பிட்டு, அந்த வெள்ளிக்கிழமை ஆள் பற்றாது, லீவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். என் தம்பி பேசினானா என்று கொரெட்டி கேட்டாள். அவர் மழுப்பினார். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்றார். வெள்ளிக்கிழமை வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் வர வேண்டாம் என்று கடைசியில் கொஞ்சம் குரலை உயர்த்தியும் பார்த்தார்.

“டிக்கெட் எடுத்தாச்சு, பாஸ். என் நல்லத நானே பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த வாடிக்கையாளரை உட்காரச் சொன்னாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து இருவரும் வாடகைக் காரில் விமான நிலையத்துக்குப் போனார்கள். அங்கே பணியாள் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடந்தே காட்ட வேண்டும் என்ற வீம்பு கொரெட்டிக்கு இல்லை. சவாரி கிடைத்தால் விடுவானேன் என்று ஏறி உட்கார்ந்து, மடியில் பஞ்சாலையின் பையையும் வாங்கி வைத்துக்கொண்டாள். விமானம் மேலே ஏறும்போது பஞ்சாலை அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்து, முனியாண்டி சாமியைக் கூப்பிட்டாள். கொரெட்டியும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னாள். இரண்டில் ஏதோ ஒன்று வேலை செய்தது.

சப்போரோ அவர்களை மூக்கில் அடித்து வரவேற்றது. அப்படி ஒரு குளிர். விடுதிக்குள் போகிற வரைக்கும் பஞ்சாலை வாயைத் திறக்கவில்லை, பல் தந்தியடித்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் பூமிக்கு அடியிலேயே நடந்தார்கள், நூடுல்ஸ் சூப் குடித்தார்கள், சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தார்கள். கொரெட்டிக்கு அவசரம் இல்லை. அந்த அவசரமின்மையையும் அவளேதான் திட்டத்தில் எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை வெயில் வந்தது. கொரெட்டி ரப்பர் வாரை மாட்டினாள், முட்டிப் பூட்டைச் சரிபார்த்தாள், லிஃப்டில் ஏறி நகரத்தின் நடுவில் இருக்கிற நீளப் பூங்காவுக்கு வந்தாள். மரங்கள் எல்லாம் பருத்து வெளுத்து நின்றன. தரை கண்ணைக் கூசவைத்தது. ஊன்றுகோலை முதலில் குத்தினாள், பிறகு கால். அது பிடித்தது. அடுத்தது. பஞ்சாலை இரண்டடி பின்னால், கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு வந்தாள். நடுப் பூங்கா வரை நன்றாகத்தான் நடந்தாள். ஒரு குழந்தை பனிச்சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு போவதைத் திரும்பிப் பார்த்தாள். மெல்லிய பனிக்கு அடியில் கண்ணாடிபோல ஐஸ் இருந்தது தெரியவில்லை. ஊன்றுகோல் ஒரு பக்கம் போயிற்று, அவள் மறுபக்கம் விழுந்தாள்.

விழுவாய் என்று எல்லாரும் சொன்னது இதைத்தான். இடுப்பும் முழங்கையும் பனியில் புதைந்தன. எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் குனிந்து அவளுடைய அக்குளில் கை கொடுக்கப் பார்த்தார். பஞ்சாலை குறுக்கே வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, “வேணாம்லா, அவளே எந்திரிப்பா” என்று தமிழிலேயே சொன்னாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, விலகி நின்றார்கள்.

கொரெட்டி உடனே எழவில்லை. எலும்பு ஏதாவது போயிருக்கிறதா என்று மெல்ல அசைத்துப் பார்த்தாள். போகவில்லை. வலித்தது, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க எல்லாரும் பயமுறுத்தி வைத்திருந்தது இவ்வளவுதானா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக் குளியலறையில் இதைவிட மோசமாக விழுந்திருக்கிறாள். கையுறையைக் கழற்றிப் பனியை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தன் வழியில் எழுந்தாள். குப்புறத் திரும்பி, நல்ல காலை மடக்கி, ஊன்றுகோலை எட்டி எடுத்துக் குத்தி, இடுப்பைத் தூக்கி நின்று, பூட்டைச் சரிபார்த்தாள். ஓடிவந்தவர்கள் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். அவளும் குனிந்தாள், ரொம்பக் குனியாமல்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. டான்யா வீடியோவில் கூப்பிட்டாள். புது வீட்டுக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் ஃபாதரின் வெள்ளை அங்கி. அத்தை, பனியைக் காட்டுங்கள் என்றாள். கொரெட்டி சுற்றிக் காட்டினாள். திடீரென்று படம் ஆடியது, கைபேசி கை மாறியிருந்தது. அந்தோனியின் முகம். அவளுடைய கோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பனி ஒட்டியிருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

“விழுந்தியா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். பனியில் உட்கார்ந்து படமெடுத்தோம் என்று சொல்லிவிடலாம். பஞ்சாலைகூடக் கண்ணால் அதைத்தான் சொன்னாள்.

“ஆமா, விழுந்தேன். அப்புறம் எந்திரிச்சேன். இன்னும் தூரம் போகணும், நீ விருந்தாளிகளைப் பாரு” என்றாள் கொரெட்டி.

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சரி என்றோ என்னவோ முணுமுணுத்துவிட்டுக் கைபேசியை மகளிடம் கொடுத்தான். டான்யா சத்தமில்லாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கொரெட்டி கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பூங்காவின் மறுமுனை வரை நடந்தாள். இன்னொரு தடவை சறுக்கினாள், விழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு அலுவலகத்துக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறுமுகம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரோகினி ஓடிவந்து, வாடிக்கையாளர் ஒருவரின் அப்பாவுக்குச் சக்கர நாற்காலி, அவரையும் குளிர் ஊருக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்கிறார், என்ன சொல்வது என்றாள். கொரெட்டி போனை வாங்கிப் பேச ஆரம்பித்தாள். ஆறுமுகம் உள்ளே போய்விட்டார். வேலைக்கு வர வேண்டாம் என்ற பேச்சு அன்றும் எழவில்லை, அடுத்த நாளும் எழவில்லை.

அந்தோனிதான் அழைத்தான், இரண்டு வாரம் கழித்து. சாப்பிட வா என்று மட்டும் சொன்னான். அவள் போனாள். பின்பக்க அறையைத் திறந்து காட்டினான். குளியலறைச் சுவரில் அவளுடைய உயரத்துக்குக் கைப்பிடி அடித்திருந்தான், துளைபோட்ட சிமெண்டுத் தூள் மூலையில் இன்னும் கிடந்தது. கொரெட்டி கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது.

“நல்லா அடிச்சிருக்க. ஆனா நான் இங்க இருக்க வரல, தம்பி. பஞ்சாலையும் நானும் சிரம்பான்ல லிஃப்ட் உள்ள ஃபிளாட் பாத்துட்டு இருக்கோம்.”

“இன்னும் கோவமாக்கா?”

“கோவம் இருக்கு. அதுக்காகப் போகல. எனக்குன்னு ஒரு சாவி வேணும்.”

அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். மூலையில் கிடந்த சிமெண்டுத் தூளைக் காலால் ஒதுக்கினான். மிஷெல் சாப்பிடக் கூப்பிட்டாள். கொரெட்டி கூடத்து மேசையில், வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அடுத்த குளிருக்குச் சீனாவின் வடகோடியில் ஐஸாலேயே கட்டடம் கட்டுகிற ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே போகப் போகிறோம் என்று டான்யாவிடம் சொன்னாள். அங்கே எவ்வளவு குளிரும் என்று மிஷெல் கேட்டாள். சப்போரோவைவிட மோசம் என்று கொரெட்டி சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்தாள்.